தையல் காண்ட்ராக்டுக்கு ஆடிட்டர் தேடிய அனுபவம்

திருப்பூரில் காண்ட்ராக்ட் எடுத்துத் தைத்துக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் ஆடிட்டரைத் தேடிப் போவதில்லை. உறவு வழியில் ஒருவர் வந்து சேர்ந்துவிடுகிறார். "நம்ம பங்காளிக்கு அவர்தான் பார்க்கிறார், நீயும் அங்கேயே கொடுத்துவிடு அம்மிணி" என்று பெரியப்பா சொன்னால் அதற்கு மறுபேச்சு கிடையாது. எனக்கும் அப்படி ஒரு பெயர் வந்தது. நாலு இடத்தில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். வீட்டில் சிலருக்கு வருத்தம்தான். ஆனால் என்னை நம்பிச் சனிக்கிழமை சம்பளம் வாங்கிப் போகிறவர்கள் இருக்கும்போது, கணக்கை முகதாட்சண்யத்துக்காக யாரிடமும் ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை.

பெருமாநல்லூர் பக்கம் வாடகை ஷெட்டில் என் யூனிட் இருக்கிறது. கம்பெனிகள் வெட்டிய துணியை டிசி (டெலிவரி சலான்) போட்டு அனுப்புவார்கள். ஓவர்லாக், பிளாட்லாக், சிங்கர் என்று மெஷின்களில் தைத்து, செக்கிங் முடித்துத் திருப்பி அனுப்புவோம். துணி அவர்களுடையது, எங்களுக்குப் பீஸ் ரேட். ஆடிட்டரைத் தேர்ந்தெடுத்ததில் இந்த ஒரு விவரமே எனக்கு உரைகல்லாக அமைந்தது.

பார்க்கப் போன இடங்களில் எல்லாம் முதலில் ஒன்றைக் கேட்டேன்: "எனக்கு ஜிஎஸ்டி பதிவு எப்போது வேண்டும்?" ஒருவர் யோசிக்காமல், 40 லட்சம் வரை கவலை இல்லை என்றார். அந்த வரம்பு சரக்கு விற்பவர்களுக்கானது. அடுத்தவர் துணியைத் தைத்துக் கொடுப்பது ஜாப் ஒர்க், சட்டத்தின் கண்ணில் அது சேவை. சேவைக்கு வரம்பு 20 லட்சம். என் வரவு அதை நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு அலுவலகத்தில் பதில் சொல்லும் முன் என்னையே திருப்பிக் கேட்டார்கள்: "நூல் யார் வாங்குகிறார்கள்? லேபிள், எலாஸ்டிக்? மெஷின் உங்கள் பெயரில் இருக்கிறதா, வாடகைக்கா?" தொழிலைத் தெரிந்துகொண்டுதான் வரியைப் பற்றிப் பேசினார்கள். ஆடை ஜாப் ஒர்க்குக்கு 5 சதவீதம் என்பதையும் நான் கேட்காமலேயே சொன்னார்கள். அங்கேயே என் மனம் பாதி முடிவு செய்துவிட்டது.

மீதிப் பாதிக்குச் சில கேள்விகள் பாக்கி இருந்தன. நம் ஊரில் கணக்குப் பார்க்கும் எல்லோரையும் ஆடிட்டர் என்றே அழைக்கிறோம். பட்டயக் கணக்காளர், ஜிஎஸ்டி பிராக்டிஷனர், டாலி மென்பொருள் தெரிந்த கணக்குப்பிள்ளை எல்லோருக்கும் அந்த ஒரே பெயர்தான். மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்னைப் பிராக்டிஷனரே தாக்கல் செய்யலாம், அதில் குறை ஒன்றும் இல்லை. வருமான வரித் தணிக்கை அறிக்கையில் கையெழுத்திடப் பட்டயக் கணக்காளரால் மட்டுமே முடியும். 2019 ஜூலை முதல் அவர் கையெழுத்திடும் எல்லாத் தணிக்கை அறிக்கைகளிலும் யுடிஐஎன் என்ற எண் இருக்க வேண்டும். அந்த எண் உண்மையானதா என்று பட்டயக் கணக்காளர் கழகத்தின் இணையதளத்தில் யாரும் சரிபார்க்கலாம். எனக்கு வங்கிக் கடன் வாங்கும் எண்ணம் இருந்ததால் பட்டயக் கணக்காளர் அலுவலகமே வேண்டும் என்று இருந்தேன்.

இன்னொன்றிலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஜிஎஸ்டி, வருமான வரி இரண்டு இணையதளங்களிலும் என் கைபேசி எண்ணும் என் மின்னஞ்சலும் மட்டுமே இருக்க வேண்டும் என்றேன். பல யூனிட்டுகளில் எண், மின்னஞ்சல், கடவுச்சொல் மூன்றும் கணக்குப் பார்ப்பவருடையவையாகவே இருக்கின்றன. ஓடிபி அவருக்கே போவதால் வேலை சுலபமாக நடக்கிறது. அவரோடு பேச்சுவார்த்தை நின்றுபோகும் நாளில்தான் கஷ்டம் தெரிகிறது. பக்கத்து ஷெட் அண்ணன் ஒருவருக்கு அது நடந்தது. பான் அட்டை, ஆதார், தொழில் இடத்துக்கான சான்றுகள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஜிஎஸ்டி அதிகாரியிடம் போய்த்தான் எண்ணை மாற்ற முடிந்தது. அதுவரை ரிட்டர்ன் நின்று, தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்டு உங்களைத் தொந்தரவு செய்ய வேண்டியிருக்குமே என்று ஓர் அலுவலகத்தில் தயங்கினார்கள். அந்தத் தொந்தரவை நான் விரும்பியே ஏற்றுக்கொள்கிறேன். என் பெயரில் எது தாக்கலாகிறது என்பது அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிடுகிறதே!

வருமான வரியில் சிறு தொழில் செய்பவர்களுக்கு 44ஏடி என்று ஓர் ஏற்பாடு பழைய சட்டத்தில் உண்டு (2025-ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் பிரிவு எண் வேறு). வங்கி வழியாக வந்த வரவில் 6 சதவீதம், ரொக்க வரவில் 8 சதவீதம் லாபம் என்று காட்டிவிட்டால் கணக்குப் புத்தகம் தேவையில்லை. கேட்க நிம்மதியாக இருக்கும். தையல் காண்ட்ராக்டில் வரவின் பெரும்பகுதி கூலியாகவே போய்விடும். ஆர்டர் குறைந்த வருடத்தில் உண்மை லாபம் அந்த 6 சதவீதத்துக்கும் கீழே இறங்கலாம். அப்போது குறைத்துக் காட்ட வேண்டுமானால் புத்தகம் வேண்டும், வருமானம் வரி வரம்பைத் தாண்டியிருந்தால் தணிக்கையும் வேண்டும். இந்த முறையில் சேர்ந்து ஐந்து ஆண்டுகளுக்குள் வெளியேறினால், அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குத் திரும்பவும் நுழைய முடியாது. இவ்வளவையும் எனக்கு விளக்கிவிட்டு ஆடிட்டர் சொன்னது இதுதான்: "எந்த முறையில் தாக்கல் செய்தாலும் புத்தகம் எழுதுவதை நிறுத்தாதீர்கள் அக்கா." நான் நிறுத்தவில்லை.

எழுதுவது பெரிய வித்தை அல்ல. வரும் டிசியில் எத்தனை பீஸ், போகும் டிசியில் எத்தனை, குறைந்தது எத்தனை, கறை அல்லது ஊசி ஓட்டையால் நிராகரித்தது எத்தனை என்று ஒரு நோட்டு. சம்பளத்துக்கு ஒன்று, இதரச் செலவுக்கு ஒன்று. தொழிலுக்கென்று தனி நடப்புக் கணக்கு. டிசி நோட்டை அன்றன்று எழுதாவிட்டால் மற்ற இரண்டாலும் பயன் இல்லை. கம்பெனிகள் சேதத்துக்கும் பற்றாக்குறைக்கும் பணத்தைப் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்புவார்கள். நானோ முழு பில்லுக்கும் ஜிஎஸ்டி கட்டியிருப்பேன். பிடித்த தொகைக்கு அவர்கள் அனுப்பும் டெபிட் நோட்டை வைத்து என் வரியைக் குறைக்க முடியாது. பில் தொகையைக் குறைத்து நானே கிரெடிட் நோட்டுப் போட்டு, பில் போட்ட நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள் ரிட்டர்னில் காட்ட வேண்டும். எந்த பில்லில் எத்தனை பீஸுக்குப் பிடித்தார்கள் என்று நோட்டைக் காட்டிப் பேசும்போது, நியாயமில்லாமல் பிடித்ததைத் திருப்பித் தரவும் செய்கிறார்கள்.

சம்பள நோட்டில் கவனிக்க வேண்டியது ரொக்கம். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதைச் செலவாகக் கழிக்க முடியாது. வாரச் சம்பளம் மட்டும் என்றால் அந்த அளவுக்குப் போவதில்லை. தீபாவளி போனஸும் சம்பளமும் சேரும் நாளில் தாண்டிவிடும். அதனால் போனஸை வங்கிக் கணக்கில் போடுகிறேன். கம்பெனி பணம் தாமதமானால் வெள்ளிக்கிழமை சொந்தக்காரர்களிடம் கைமாற்று வாங்கிச் சனிக்கிழமை சம்பளம் போடுவது நம் பக்கத்தில் சாதாரணம். அதிலும் ஒரு கண்டிப்பான விதி இருக்கிறது. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விழலாம். சித்தப்பாவாக இருந்தாலும் வங்கி வழியாகத்தான் வாங்குகிறேன்.

பணம் தாமதமாவதற்கும் ஆடிட்டர் ஒரு வழி காட்டினார். சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவைச் செய்து, அந்த எண்ணை பில்லில் அச்சிடச் சொன்னார். குறு, சிறு தொழில் செய்பவருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும் கம்பெனி பணம் தர வேண்டும். தராவிட்டால், 2023-24 நிதியாண்டிலிருந்து, பணம் தரும் ஆண்டில்தான் அதை அவர்கள் செலவாகக் கழிக்க முடியும். அதன் பிறகு மார்ச் மாதத்தில் எனக்குப் பழைய பாக்கி தானாக வருகிறது. மற்ற மாதங்களில் இன்னும் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

கம்பெனிகள் பில்லில் என் வருமான வரிக்காக முன்கூட்டியே 1 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள். ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டியிருந்தால் அதை நீக்கிய தொகைக்குத்தான் பிடிக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என் பான் எண்ணில் ஏறிய டிடிஎஸைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தை எடுத்து நோட்டோடு ஒப்பிடுகிறேன். பிடித்த பணம் என் பான் எண்ணில் ஏறவில்லை என்றால் உடனே கேட்டால்தான் திருத்துவார்கள், வருடம் கடந்தால் அலைச்சல்.

ஷெட் வாடகை விஷயம் 2024 அக்டோபரில் வந்தது. உரிமையாளர் ஒரு விவசாயி, ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர். அந்த மாதம் 10-ஆம் தேதி முதல், பதிவு இல்லாதவரிடம் தொழிலுக்கு இடம் வாடகைக்கு எடுத்திருக்கும் பதிவுதாரர் 18 சதவீத ஜிஎஸ்டியைத் தானே கட்ட வேண்டும். வாங்கியவற்றுக்குக் கட்டிய ஜிஎஸ்டியான இன்புட்டைப் பயன்படுத்தி அதைக் கட்ட முடியாது, பணமாகவே கட்டி, பிறகு இன்புட்டாக எடுத்துக்கொள்ளலாம். அலுவலகத்தில் என் கணக்கைப் பார்க்கும் பெண், அந்த மாத ரிட்டர்னுக்கு முன்பே என்னைக் கூப்பிட்டு, "அக்கா, வாடகை ஒப்பந்தத்தை அனுப்புங்கள்" என்றாள். அக்கம்பக்கத்து யூனிட்டுகளில் பலருக்கு இந்தச் செய்தி என் மூலம்தான் போனது. பதிவு இல்லாதவரிடம் ஷெட் எடுத்திருப்பவர்கள் உங்கள் ரிட்டர்னில் இது கட்டப்பட்டிருக்கிறதா என்று இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.