கத்ரீனாவுக்குப் பிறகு பிள்ளைகளைத் தேடிய நாட்கள்

2005 ஆகஸ்ட் 29 காலை கத்ரீனா புயல் கரையைக் கடந்தபோது நான் ஹூஸ்டனில், தெரிந்த தமிழ்க் குடும்பம் ஒன்றின் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஊரிலிருந்து அம்மா போன் செய்தார். "இன்னைக்கு வேளாங்கண்ணியில கொடியேத்தம். மாதா பார்த்துக்குவா" என்றார். மூன்று நாளில் நியூ ஆர்லியன்ஸுக்குத் திரும்பிவிடலாம் என்றுதான் எல்லோரையும் போல நானும் கிளம்பி வந்திருந்தேன். காரில் இருந்தது கொஞ்சம் துணியும், திருத்த வேண்டிய கணக்குத் தாள்கள் அடங்கிய பையும்தான். அப்புறம் வெள்ளத்தடுப்புச் சுவர்கள் உடைந்தன. நியூ ஆர்லியன்ஸில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீருக்குள் போனது.

நான் வேலை பார்த்தது செயின்ட் மேரிஸ் அகாடமியில். திருக்குடும்பச் சகோதரிகள் 1867-இல் தொடங்கிய பெண்கள் பள்ளி அது. கறுப்பினப் பெண்களை மற்ற மடங்கள் சேர்த்துக்கொள்ளாத காலத்தில், 1842-இல் ஹென்றியட் டெலீல் தொடங்கிய கன்னியர் சபை அவர்களுடையது. பள்ளியும் சகோதரிகளின் தலைமை இல்லமும் நகரின் கிழக்குப் பகுதியில் இருந்தன. இரண்டுமே மூழ்கின. எங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியவர்களுக்கே இருக்க இடமில்லை.

முதல் வாரக் கடைசியில் சிஸ்டர் ஒருவர் கூப்பிட்டார். கட்டடத்தைப் பற்றிப் பேசுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது, "பிள்ளைகளில் யாருடைய நம்பராவது உன்னிடம் இருக்கிறதா?" என்றுதான். 504 என்று தொடங்கும் எங்கள் ஊர் எண்களுக்குப் பேச்சு கிடைக்காது. குறுஞ்செய்தி மட்டும் எப்படியோ போய்ச் சேரும். அதுவரை நான் ஒரு குறுஞ்செய்திகூட அனுப்பியதில்லை. அந்த வாரம்தான் கற்றுக்கொண்டேன். ஒரு பிள்ளை கிடைத்தால் அவளுடைய தோழிகள் எங்கே என்று கேட்போம். அவள் இரண்டு பேரைச் சொல்வாள். புயலுக்குத் தப்பி வந்த ஆயிரக்கணக்கானவர்கள் தங்கியிருந்த ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம் மைதானத்தில், பள்ளியின் பெயரைப் பெரிதாக எழுதிய அட்டையோடு நான் கட்டில் கட்டிலாக நடந்தேன். என் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காரும் பெண் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அழுதது நான்தான்.

செப்டம்பர் கடைசியில் ரீட்டா புயல் வருகிறது என்று ஹூஸ்டனையும் காலி செய்யச் சொன்னார்கள். பெயர்ப் பட்டியலைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு மறுபடி ஓடினோம்.

அக்டோபரில் முகமூடியும் ரப்பர் பூட்ஸும் போட்டுக்கொண்டு பள்ளிக்குள் போனேன். வகுப்பில் கரும்பலகையின் பாதி உயரத்தில் நீர்க்கோடு. அதற்கு மேலே கூரை வரைக்கும் கறுப்புப் பூஞ்சை. அந்த வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. ஆவணப் பெட்டிகளின் இழுப்பறைகள் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தன. நெம்பித் திறந்தால் உள்ளே காகிதங்கள் ஒரே கட்டியாக ஒட்டிக்கிடந்தன. எனக்குப் பயமாகிவிட்டது. கடைசி வருடப் பெண்கள் கல்லூரிக்கு விண்ணப்பிக்க வேண்டிய மாதங்கள் அவை. மதிப்பெண் சான்று இல்லாமல் என்ன செய்வார்கள்? என் கணக்குத் தாள் பையில் போன வருடத்து மதிப்பெண் நோட்டும் தற்செயலாகக் கிடந்தது. ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் கையில் இருந்ததை எழுதி அனுப்பினோம். அட்லாண்டாவிலும் பேட்டன் ரூஜிலும் புதுப் பள்ளிகளில் சேர்ந்தவர்கள், அங்கே கொடுத்திருந்த பழைய ரேங்க் கார்டுகளின் நகலை வாங்கி அனுப்பினார்கள். துண்டு துண்டாகச் சேர்த்து, ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு தாள் தயாரானது.

என் சொந்த வீட்டுக்கான காப்பீட்டு நிறுவனம், சேதம் காற்றாலா வெள்ளத்தாலா என்று மாதக்கணக்கில் இழுத்தடித்தது. அதைப் பேசினால் இன்னும் கோபம்தான் வரும்.

2006 ஜனவரியில் மூன்று பள்ளிகள் ஒன்றாகத் திறந்தன. எங்கள் மேரிஸ், ஆண்கள் பள்ளியான செயின்ட் அகஸ்டின், புனித கேத்தரின் டிரெக்செல் 1915-இல் தொடங்கிய சேவியர் பிரெப். மூன்றின் ஆங்கில முதலெழுத்தையும் (M, A, X) சேர்த்து 'மேக்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். மேகசீன் தெருவில் இருந்த சேவியர் பிரெப் கட்டடத்தில் வகுப்புகள் நடந்தன. பெண்கள் மட்டுமே படித்த வகுப்பறையில் திடீரென்று பையன்கள். மூன்று பள்ளி ஆசிரியர்களும் ஒரே அறையில் நாற்காலிக்கு இடம் பார்த்தோம்.

முதல் நாள் வருகைப் பதிவு எடுத்தேன். வராதவர்களின் பெயரைக் கூப்பிட்டபோதும் பதில் வந்தது. "டாலஸ், மிஸ்." "அட்லாண்டா." "அவள் அம்மாவுக்கு வேலை கிடைத்ததும் வருவாள்." பெயர்களுக்குப் பக்கத்தில் அதையும் எழுதிக்கொண்டேன்.