புது டயர் போட்ட மறுநாள் வண்டி ஏன் மிதந்தது?

விராலிமலையைத் தாண்டியதும் ஓர் அரசுப் பேருந்து என்னை முந்தியது. எப்போதும் நடப்பதுதான். ஆனால் அன்றைக்கு அது கிளப்பிய காற்றில் வண்டி ஒரு முழம் ஒதுங்கின மாதிரி இருந்தது. திருப்பினால் கொஞ்சம் தாமதமாகத் திரும்பியது. நேராக்கினால் நேராக ஒரு கணம் யோசித்தது. பக்கத்தில் மனைவி, "ஏங்க, ஸ்டியரிங்கை இப்படி இறுக்கிப் பிடிச்சிருக்கீங்க?" என்றார்.

முந்தின நாள் மாலைதான் திருச்சியில் நான்கு டயரையும் மாற்றியிருந்தேன். 165/80 ஆர்14, பழைய அளவேதான். பழைய டயர்களுக்கு ஐந்து வயது, 52,000 கிலோமீட்டர் ஓடி, தரையைப் பிடிக்கும் ரப்பர் பட்டன்கள் தேய்ந்து வழுவழுவென்று ஆகியிருந்தன. சக்கரத்தின் எடையைச் சமன் செய்யும் பேலன்சிங், சக்கரங்களின் கோணத்தை நேராக்கும் அலைன்மென்ட் எல்லாம் முடித்துத் தாளும் கொடுத்தார்கள். டயர் தயாரான வாரத்தையும் வருடத்தையும் சொல்லும் நான்கு இலக்க எண்ணைக்கூட டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன். அந்தப் பெருமையில் காற்றைப் பார்க்கத் தோன்றவில்லை.

துவரங்குறிச்சியில் ஓரங்கட்டினேன். டயர் கழற்றி மாட்டியதால் முதல் சந்தேகம் நட்டு மேல்தான். ஸ்பேனர் போட்டுப் பார்த்தேன், எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன. அப்புறம் பெட்ரோல் பங்கில் காற்று பிடிக்கப் போனால் மீட்டர் 45 காட்டியது. ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் போட்டிருப்பது 33! டயரை ரிம்மில் ஏற்றும்போது அதன் விளிம்பு 'பட்'டென்று உட்கார வேண்டும் என்று காற்றைக் கூடுதலாக அடிப்பார்கள். உட்கார்ந்ததும் இறக்கிவிட வேண்டும். இறக்கவில்லை போலிருக்கிறது. காற்று அதிகமானால் டயர் நடுவில் புடைத்து, தரையில் படும் பரப்பு குறையும். சின்ன மேட்டுக்கும் வண்டி துள்ளும்.

பங்குப் பையன் 33 வைக்கப் போனான். "தம்பி, 36 வை" என்றேன். ஓடி வந்த சூட்டில் மூன்று, நான்கு கூடுதலாகக் காட்டும். சூட்டிலேயே 33 வைத்தால் ஆறியதும் குறைந்துவிடும்.

துள்ளல் நின்றது. ஆனாலும் அந்த மெத்தென்ற அலைச்சல் மிச்சமிருந்தது. கூடவே கையைத் தளர்த்தினால் வண்டி இடது பக்கம் இழுப்பதும் இப்போது தெளிவாகத் தெரிந்தது. ஸ்டியரிங்கில் அதிர்வு மட்டும் இல்லை. எண்பது, தொண்ணூறில் நடுங்கினால் பேலன்சிங்கைச் சந்தேகிக்கலாம். அது இல்லை என்பதால் பயணத்தை நிறுத்தாமல், மதுரை வரை மெதுவாகவே ஓட்டினேன்.

மதுரையில் மாமனார் வழக்கமாக வண்டி விடும் மெக்கானிக் அண்ணன் அலைன்மென்ட் தாளை ஒருமுறை பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டார். முன் டயரின் ஒரு பட்டனைக் கட்டைவிரலால் அழுத்தி முன்னும் பின்னும் அசைத்துக் காட்டினார். நெளிந்தது.

"சார், இது எட்டு மில்லிமீட்டர் இருக்கும். உங்க பழசுல ரெண்டுகூட இருந்திருக்காது. பழைய ரப்பர் கெட்டியாயிட்டதால ஸ்டியரிங் சுருக்குனு திரும்பியிருக்கும். கை அதுக்குப் பழகிடுச்சு. இது உயரமான புது ரப்பர், திருப்புனா முதல்ல நெளிஞ்சு அப்புறம்தான் வண்டி திரும்பும்."

அச்சிலிருந்து டயர் ஒட்டாமல் வருவதற்காகப் பூசும் பொருளின் வழுவழுப்பும் ஆரம்பத்தில் கொஞ்சம் இருக்குமாம். முந்நூறு கிலோமீட்டர் வரை சடன் பிரேக், வேகமான வளைவு இரண்டும் வேண்டாம், அதற்குள் சரியாகிவிடும் என்றார்.

இடது பக்கம் இழுப்பதற்கு அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. இந்தப் பக்கம்தான் சுற்ற வேண்டும் என்று டயரில் அம்புக்குறி எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, முன்பக்க இரண்டு டயரையும் இடம் வலமாக மாற்றிப் போட்டார். ஒரு சுற்றுப் போய் வந்தோம். இப்போது வண்டி வலது பக்கம் இழுத்தது! அலைன்மென்ட் தவறு என்றால் டயரை மாற்றினாலும் இழுப்பு இடதிலேயே இருந்திருக்கும். டயரோடு சேர்ந்து இழுப்பும் பக்கம் மாறியதால் கோளாறு டயரில்தான். ரப்பருக்குள் இருக்கும் கம்பிப் பட்டையான பெல்ட் துளி விலகி உட்கார்ந்தாலே டயர் லேசான கூம்பு போல உருளுமாம். அந்த ஜோடியில் எது என்று இன்னொரு மாற்றலில் கண்டுபிடித்து அதைப் பின்னால் போட்டார். பின்னால் போனால் ஸ்டியரிங்கில் தெரியாது. நேர்ச்சாலையில் கையைத் தளர்த்தினேன், கோடு போட்ட மாதிரி போனது. கூலி 300 ரூபாய்.

டயர்க் கடைக்குப் போன் செய்து காற்றைப் பற்றிக் கேட்டேன். "ஹைவேஸ்ல போறேன்னு சொன்னீங்களே சார், அதான் கூட வெச்சோம்" என்றார்கள். இவர்களிடம் என்ன பேசுவது? இழுக்கும் டயரைப் பற்றிச் சொன்னதும் கொண்டு வாருங்கள், கம்பெனிக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்றார்கள். இன்னும் போகவில்லை.

திரும்பி வரும்போது மேலூர் பக்கம் நிறுத்திப் பார்த்தேன். டயர் மேல் இருந்த ரப்பர் மயிர்கள் பாதிக்கு மேல் உதிர்ந்திருந்தன. பின்பக்க இடது டயரின் பக்கவாட்டில் மெக்கானிக் அண்ணன் மஞ்சள் பெயின்டால் ஒரு பொட்டு வைத்திருந்தார். அடுத்த முறை டயரை இடம் மாற்றும்போது யாரும் தெரியாமல் அதை முன்னால் கொண்டுவந்துவிடக் கூடாதாம்.