நோய் வேறு, ஆபத்து வேறு: இங்கிலாந்தில் ஓர் ஆஷ் மரத்தை அகற்ற அனுமதி பெற்ற அனுபவம்

எங்கள் வீட்டுப் பின்வளவில் நின்ற ஆஷ் மரத்தை வெட்டுவதற்கான அனுமதிக் கடிதம் ஒருவழியாகக் கைக்கு வந்து, மரமும் எவருக்கும் சேதமின்றி இறக்கப்பட்டுவிட்டது. லண்டன் புறநகர்ப் பகுதிகளில் பழைய வீடுகளை வாங்கிக் குடியிருக்கும் நம்மவர்கள் பலரின் வளவுகளில் இத்தகைய பெரிய மரங்கள் நிற்கின்றன. அவற்றுக்கு நோய் வந்தால் எந்தப் படிவத்தை நிரப்ப வேண்டும் என்பதை உள்ளூராட்சிக் கவுன்சிலின் இணையப் பக்கங்கள் சொல்லிவிடும். காரியம் எந்த இடத்தில் சிக்கும் என்பதை அவை சொல்வதில்லை. ஆகவே சிக்கிய இடங்களைப் பற்றியே எழுதுகிறேன்.

கிரிக்கெட் ஸ்டம்புகள் செய்யப் பயன்படும் மரம்தான் ஆஷ். கிழக்காசியாவிலிருந்து வந்த ஒரு பூஞ்சையால் உண்டாகும் 'ஆஷ் டைபேக்' என்னும் நோய் இந்நாட்டில் 2012ஆம் ஆண்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. கோடையிலேயே இலைகள் கருகித் தொங்கும், கிளை பிரியும் இடங்களில் சாய்சதுர வடிவில் பட்டை கறுக்கும், உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் கிளைகள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போகும். எங்கள் மரத்தின் தலைப்பகுதியில் பாதிக்கு மேல் மொட்டையாகியிருந்தது. அடிமரத்திலும் பட்டை கறுத்து உரியத் தொடங்கியிருந்தது. வேலிக்கு அப்பால் ஆரம்பப் பள்ளிக்குப் பிள்ளைகள் நடந்து போகும் பொது நடைபாதை இருக்கிறது. காற்றே இல்லாத ஓரிரவில் தொடையளவு பருமனான கிளையொன்று அந்தப் பாதையில் முறிந்து விழுந்திருந்ததைக் கண்ட பிறகு எனக்கு உறக்கம் வரவில்லை.

முதலில் வந்து பார்த்த மரம் வெட்டும் ஒப்பந்தக்காரர், "செத்துக்கொண்டிருக்கும் மரத்துக்கு அனுமதி தேவையில்லை, அடுத்த வாரமே வெட்டித் தருகிறேன்" என்றார். பக்கத்துத் தெருவில் இருக்கும் நம்மூர் ஐயா ஒருவரும், "தம்பி, மரம் உங்கட வளவிலதானே நிக்குது, யோசிக்காமல் வெட்டுங்கோ" என்று அதையே சொன்னார். ஒப்பந்தக்காரர் சொன்னது ஒரு காலத்தில் சட்டமாகத்தான் இருந்தது. மரப் பாதுகாப்பு ஆணையின் (குறிப்பிட்ட மரங்களை அனுமதியின்றி வெட்டக்கூடாது என்று கவுன்சில் பிறப்பிக்கும் Tree Preservation Order) கீழ் உள்ள மரமாயினும், அது பட்டுப்போனதாகவோ பட்டுக்கொண்டிருப்பதாகவோ ஆபத்தானதாகவோ இருந்தால் அனுமதியின்றி வெட்டலாம் என்றிருந்த விலக்கிலிருந்து, 'பட்டுக்கொண்டிருக்கும்' என்ற வகை 2012 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகளால் நீக்கப்பட்டுவிட்டது. தொழிலிலேயே இருப்பவர்கள் இன்றும் பழைய விதியைச் சொல்லி வேலையை எடுத்துக்கொள்வது எனக்கு மிகுந்த கோபத்தைத் தருகிறது. ஏனெனில், பாதுகாப்பு ஆணை உள்ள மரத்தை அனுமதியின்றி வெட்டுவது குற்றம்; அதற்கு நீதிமன்றம் விதிக்கக்கூடிய அபராதத்துக்கு உச்சவரம்பு இல்லை. மரம் அறுக்கும் வாளைப் பிடித்தவர் மட்டுமன்றி, வெட்டச் சொன்ன வீட்டுக்காரரும் வழக்கில் நிற்க நேரும்.

எங்கள் மரத்துக்கு ஆணை இருக்கிறதா என்பதை உறுதிசெய்வதே ஒரு பெரும்பாடாகிவிட்டது. கவுன்சிலின் பொது இலக்கத்தை அழைத்தேன். பூங்காப் பிரிவுக்கு மாற்றினார்கள். அது பொதுப் பூங்காவின் மரமன்று என்று சொல்லி அவர்கள் வீதிப் பிரிவுக்கு மாற்றினார்கள். தனியார் மரம் தங்களுக்கு உரியதன்று என்று வீதிப் பிரிவு திட்டமிடல் பிரிவுக்கு அனுப்பியது. அங்கே தொலைபேசியை எடுத்தவர், "வரைபடத்தில் உங்கள் வீட்டு இலக்கம் இல்லை, ஆகவே ஆணையும் இல்லை" என்று சொல்லி அழைப்பை முடிக்கப் பார்த்தார். அதை எழுத்தில் தரும்படி நான் விடாமல் கேட்டதால்தான் மூல ஆணையை எடுத்துப் பார்த்தார்கள். வீடுகள் கட்டப்படுவதற்கு முன்பே போடப்பட்ட அந்தப் பழைய ஆணையின் வரைபடத்தில், எங்கள் மரம் ஒரு கூட்டத்தின் பகுதியாக, விட்டுவிட்டு வரைந்த கோட்டுக்குள் இருந்தது. இத்தகைய வரைபடங்களில் தனிமரம், மரக்கூட்டம், பரப்பு, காடு என்று நான்கு வகைகள் உண்டு. உங்கள் முகவரி பட்டியலில் இல்லை என்பதாலேயே மரத்துக்குப் பாதுகாப்பு இல்லை என்று கொள்ளாதீர்கள். தொலைபேசியில் சொல்லப்படும் எதையும் மின்னஞ்சலில் வாங்காமல் விடாதீர்கள். ஆணையே இல்லாவிட்டாலும், வீடு பாதுகாப்பு வலயத்துக்குள் (கட்டடக்கலை அல்லது வரலாற்றுச் சிறப்புக்காகக் கவுன்சில் வரையறுத்த conservation area) இருந்தால் ஆறு வாரங்களுக்கு முன்னரே கவுன்சிலுக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள்.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, படிவமும் கடினமானதன்று. சிக்கல் இணைப்புகளில்தான் தொடங்குகிறது. மரம் நோயுற்றிருக்கிறது அல்லது முறிந்து விழக்கூடும் என்பது காரணமானால், தகுதியுள்ள நிபுணர் ஒருவரின் எழுத்து மூலமான அறிக்கையைச் சேர்த்தே அனுப்ப வேண்டும். கவுன்சில் எட்டு வாரங்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. ஆனால் அந்த எட்டு வாரங்கள் விண்ணப்பம் முழுமையானது என்று ஏற்கப்பட்ட பின்னரே ஓடத் தொடங்கும். முன்மேசையில் இருந்த எழுத்தர் எல்லாத் தாள்களையும் புரட்டிப் பார்த்து "எல்லாம் சரி" என்றார். பல வாரங்கள் கழிந்த பிறகு, மரம் நிற்கும் இடத்தைக் குறிக்கும் வரைபடத்தில் சாலையின் பெயர் இல்லை, அறிக்கை போதாது என்று சொல்லி விண்ணப்பம் செல்லாததாகத் திருப்பி அனுப்பப்பட்டது. அதுவரை கழிந்த காலம் கணக்கில் சேரவில்லை. ஆகவே விண்ணப்பத்தைக் கொடுத்த சில நாட்களிலேயே, அது ஏற்கப்பட்டுவிட்டதா, எந்தத் தேதியிலிருந்து கணக்கு என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

அறிக்கை போதாது என்று அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. முதல் நிபுணர் பணத்தை வாங்கிக்கொண்டு, "மரத்துக்கு ஆஷ் டைபேக் நோய் உள்ளது, அகற்றப் பரிந்துரைக்கிறேன்" என்று ஒரு பக்கத்தில் முடித்துவிட்டார். நோய் இருப்பது மட்டுமே வெட்டுவதற்குக் காரணமாகாது. நோய் தொற்றிய ஆஷ் மரங்களில் ஒரு சிறு பங்கு அதைத் தாங்கி உயிர்பிழைக்கின்றன. வருங்காலத்துக்கு விதை தரக்கூடியவை அவைதான் என்பதால், ஆபத்தில்லாதவற்றை விட்டுவைப்பதே இந்நாட்டின் பொதுவான வழிகாட்டல். இதை நான் மனமார ஏற்கிறேன். அதிகாரி அறிய வேண்டியவை வேறு: மரத்தின் எந்தப் பகுதி முறியும், ஏன் முறியும், முறிந்தால் எதன் மீது விழும், அந்த இடத்தில் ஆட்கள் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள், கிளைகளைக் குறைத்தால் போதுமா, போதாதென்றால் ஏன். இரண்டாவதாக அமர்த்திய நிபுணர் இவற்றை எல்லாம் எழுதினார். தலைப்பகுதியில் எஞ்சியிருப்பது எவ்வளவு என்பதை வைத்து ஆஷ் மரங்களை நான்கு வகுப்புகளாகப் பிரிப்பார்கள். நான்காம் வகுப்பென்றால் எஞ்சியது கால்பங்கோ அதற்கும் குறைவோ. எங்களுடையது மூன்றாம் வகுப்பு. அதை மட்டும் வைத்து அனுமதி கிடைத்திருக்காது. அடிமரப் பட்டையின் கீழே மரம் மென்மையாகியிருந்ததையும் நடைபாதை நேர்கீழே இருந்ததையும் சேர்த்து எழுதியதுதான் பலித்தது.

இதற்கிடையில் எனக்கு மிகுந்த மனவேதனை தந்த விடயம் ஒன்று நடந்தது. முறிந்து விழுந்த கிளையைப் பற்றி யாரோ முறையிட்டதால், அதே கவுன்சிலின் வீதிப் பிரிவிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 154ஆம் பிரிவின்படி, நோயுற்றுப் பொதுவழியில் விழக்கூடிய மரத்தை 14 நாட்களுக்குள் சரிசெய்யும்படி உரிமையாளருக்கு அறிவித்தல் கொடுக்க அவர்களால் முடியும். அதைச் செய்யப்போவதாகக் கடிதம் சொன்னது. மறுபுறம், அனுமதி வரும்வரை மரத்தைத் தொடக்கூடாது என்று திட்டமிடல் பிரிவு சொல்லிக்கொண்டிருந்தது. ஒரே கட்டடத்தில் இருக்கும் இரண்டு பிரிவுகள் ஒன்றோடொன்று பேசாததால் ஒரு குடும்பம் இரண்டு பக்கமும் குற்றவாளியாக நிற்க வேண்டுமா? நான் இரு பிரிவினரின் கடிதங்களையும் ஒரே மின்னஞ்சலில் இணைத்து, இரு அதிகாரிகளுக்கும் எங்கள் வட்டாரத்தின் கவுன்சில் உறுப்பினருக்கும் அனுப்பி, எந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று எழுத்தில் சொல்லும்படி கேட்டேன். அதுவரை கிணற்றில் போட்ட கல்லாய்க் கிடந்த விண்ணப்பத்துக்கு அதன் பின்னரே அசைவு வந்தது.

அந்த மின்னஞ்சலில் மேலும் ஒரு வரி சேர்த்திருந்தேன். இதே நிலையில் இருப்பவர்கள் கட்டாயம் சேர்க்க வேண்டிய வரி அது. அனுமதி மறுக்கப்பட்டு, அந்த மறுப்பின் விளைவாக இழப்போ சேதமோ ஏற்பட்டால், முடிவு வந்த 12 மாதங்களுக்குள், 500 பவுணுக்குக் குறையாத இழப்புக்குக் கவுன்சிலிடம் நட்டஈடு கோர விதிகளில் இடமுண்டு. அந்த இழப்பு முன்கூட்டியே ஊகிக்கக்கூடியதாக இருந்திருக்க வேண்டும். ஆகவே ஆபத்தை விளக்கும் அறிக்கை விண்ணப்பத்தோடு அவர்களுடைய கோப்பில் இருப்பது மிக முக்கியம். இதை மிரட்டலாக எழுதாமல், விதியைக் குறிப்பிட்டு மரியாதையோடு எழுதினால் போதும்.

மர அதிகாரி நேரில் வந்தபோது மரம் ஏற்கெனவே இலையுதிர்த்துவிட்டிருந்தது. இலையில்லாத ஆஷ் மரத்தைப் பார்த்து எது உயிருள்ள கிளை, எது பட்ட கிளை என்று கீழிருந்து சொல்வது கடினம். சூலை, ஓகஸ்ட் மாதங்களில் தேதியோடு எடுத்து வைத்திருந்த படங்களை அவரிடம் காட்டினேன். அவை இல்லாதிருந்தால் மறு கோடைவரை காத்திருக்கச் சொல்லியிருப்பார் என்றே நினைக்கிறேன். அவர் அன்பாகவும் பொறுமையாகவும் பேசினார் என்பதைச் சொல்ல வேண்டும். தண்டில் இருந்த ஒரு பொந்தைக் காட்டி, வௌவால்கள் இருக்கின்றனவா என்று சோதிக்காமல் வெட்டக்கூடாது என்றும் அவரே நினைவூட்டினார். கவுன்சிலின் அனுமதி வௌவால்களின் பாதுகாப்புச் சட்டத்துக்கு மாற்றாகாது. குருவிக் கூடுகளுக்கும் அவ்வாறே.

உடனடி ஆபத்தென்றால் இவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை என்பதையும் இங்கே பதிவுசெய்கிறேன். முழுதும் பட்டுப்போன மரமானால் ஐந்து வேலை நாட்களுக்கு முன் எழுத்தில் அறிவித்துவிட்டு அகற்றலாம். இன்றோ நாளையோ விழுந்து கடும் தீங்கு விளைவிக்கும் நிலையானால், அந்தத் தீங்கை நீக்கத் தேவையான அளவு மட்டும் உடனே வெட்டி, இயன்றவரை விரைவாக அறிவிக்கலாம். உயிருள்ள மரத்தின் பட்ட கிளைகளை அகற்ற அனுமதியும் வேண்டாம், அறிவித்தலும் வேண்டாம். நடைபாதைக்கு மேலிருந்த பட்ட கிளைகளை நான் அப்படித்தான் முதலிலேயே எடுப்பித்தேன். ஆனால் மரம் அந்த நிலையில்தான் இருந்தது என்று பின்னர் காட்ட வேண்டிய பொறுப்பு உரிமையாளருடையது. வெட்டுவதற்கு முன் எல்லாப் பக்கங்களிலிருந்தும் படமெடுங்கள், நிபுணரின் இரண்டு வரிக் கடிதமாவது வாங்குங்கள், உளுத்த துண்டொன்றை எறியாமல் வைத்திருங்கள்.

வெட்டும் நாள் பெரிய சிக்கலின்றி முடிந்தது. இந்நோயால் ஆஷ் மரம் எதிர்பாராமல் முறியும் தன்மை பெற்றுவிடுவதால் வேலைக்கு வந்தவர்கள் ஏறி வெட்ட மறுத்து, தூக்கிமேடை கொண்டு வந்தார்கள்; செலவு கூடியது, எனினும் அதில் பேரம் பேசக்கூடாது.

அனுமதியோடு ஒரு நிபந்தனையும் வந்தது: அதே இடத்துக்கு அருகில், அடுத்த நடுகைப் பருவத்துக்குள், இந்நாட்டுக்குரிய மரமொன்றை நட வேண்டும். நாங்கள் ஃபீல்டு மேப்பிள் கன்று ஒன்றை நட்டிருக்கிறோம். பட்ட மரத்தையோ ஆபத்தான மரத்தையோ விலக்கின் கீழ் வெட்டியவர்களுக்கும், கவுன்சில் விடுவித்தாலன்றி, மாற்றுமரம் நடும் கடமை உண்டு. வீட்டை விற்றால் அந்தக் கடமை வாங்குபவரின் தலையில் விழும். ஆகவே வீடு வாங்கப்போகிறவர்கள், பின்வளவில் புதிதாக வெட்டிய அடிக்கட்டையைக் கண்டால், அதற்கான அனுமதிக் கடிதத்தையும் மாற்றுமரம் நடப்பட்டதற்கான சான்றையும் தங்கள் சட்டத்தரணி மூலம் கேட்டு வாங்கிய பின்னரே கையெழுத்திடுங்கள்.