வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு யார் வருவார்கள்?

போன மாதப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மொத்தமே ஏழு பேர். வந்திருந்த பெரியவர் ஒருவர், "இந்த ஊர்ல பெத்தவங்களுக்கு அக்கறையே இல்லப்பா" என்று சலித்துக்கொண்டார். அங்கே நான் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து மனசுக்குள்ளேயே ஓடுகிறது, அதனால் இங்கே கொட்டிவிடுகிறேன்.

எங்களுடையது குடியாத்தம் பக்கத்துக் கிராமம், பத்தாம் வகுப்பு வரை உள்ள அரசு உயர்நிலைப் பள்ளி. வெள்ளிக்கிழமை, மதியம் மூன்று மணிக்குக் கூட்டம். அந்த நேரத்தில் இந்த ஊர் அம்மாக்கள் எங்கே இருப்பார்கள்? நிறையப் பேர் ஆம்பூர், பேரணாம்பட்டு ஷூ கம்பெனிகளில். காலையில் வேன் ஏறினால் பொழுது சாய்ந்துதான் இறங்குவார்கள். மற்றவர்கள் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள், எழுந்து வந்தால் அன்றைய கணக்கில் எண்ணிக்கை குறையும், கூலியும் குறையும். குழுத் தலைவர் ஒரு மாணவரின் அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்பது நல்ல விதி. ஆனால் எங்கள் தலைவி அக்கா ஒவ்வொரு முறையும் அரை நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட வருகிறார். எனக்குக் கணக்கு எழுதும் வேலை, பர்மிஷன் கேட்டால் கிடைத்துவிடும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அக்கறை இல்லாத இதே ஊரில்தான் பத்தாம் வகுப்புக்கு மாலை சிறப்பு வகுப்பு நடக்கிறது. சத்துணவு சாப்பிட்டது மதியம், ஐந்து மணிக்குப் பிள்ளைகளுக்குக் கண் இருட்டும். பீடி சுற்றும் ஒரு அம்மா ஒருநாள் தூக்குச் சட்டி நிறைய அவித்த மல்லாட்டை கொண்டுவந்தார் (பட்டணத்துக்காரர்களுக்கு வேர்க்கடலை). மறுநாள் இன்னொரு வீட்டிலிருந்து கொள்ளுச் சுண்டல். யாரும் தீர்மானம் போடவில்லை, நோட்டில் எழுதவில்லை, ஒரே வாரத்தில் முறை வந்துவிட்டது! ஷூ கம்பெனி அம்மாக்கள் ராத்திரியே ஊறப்போட்டு, காலையில் அவித்து, பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கொடுத்துவிட்டு வேன் ஏறுகிறார்கள். காலையிலேயே தாளித்தால் சாயங்காலத்துக்குள் ஊசிப்போகும் என்று நாலு மணிக்குத் தாளித்துக் கொண்டுபோவது பாட்டியின் வேலை. அந்தப் பாட்டிக்குப் பள்ளியில் படிக்கிற பேரப்பிள்ளை யாரும் கிடையாது.

இது இந்தப் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. காமராஜர் முதலமைச்சரானதும் 1954 இடைத்தேர்தலில் ஜெயித்தது எங்கள் குடியாத்தம் தொகுதியில்தான். 1956இல் மதிய உணவு வந்தபோதும், 1958இல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தொடங்கியபோதும் பொதுமக்கள் கையிலிருந்துதான் நிறைய வந்தது. எங்கள் தாத்தா ஒரு பெஞ்சு கொடுத்தாராம், அதைச் சொல்லியே எங்களை ஒரு வழி பண்ணுவார்.

ஆண்டு விழாவுக்கு வந்து பாருங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் என்பதால் நிற்க இடம் இருக்காது. பந்தல் கட்டுவது தறிக்காரர்கள், மைக் செட் வாடகை பழைய மாணவர்கள்.

கூட்டத்தையும் ராத்திரி ஏழு மணிக்கு வைக்கலாமே என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன். சுற்றறிக்கையில் மூன்று மணி என்றுதான் இருக்கிறதாம். சரி, கூட்டம் நடக்கட்டும், அதற்கு முந்தின ராத்திரி தலைவி அக்கா வீட்டுத் திண்ணையில் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடித்துவிடலாம் என்று இப்போதைக்கு முடிவு. கழிப்பறைத் தண்ணீர் மோட்டார்தான் முதல் விஷயம்.

வியாழக்கிழமை எங்கள் வீட்டு முறை, கொண்டைக்கடலை வாங்கணும்.