பட்டு செக்ஷன், வலது கால்

ஆகஸ்ட் 19, 2024, திங்கள்
துணிக்கடையில ஆடித் தள்ளுபடி முடிஞ்சும் கால் அடங்கல. காலைல கட்டில்ல இருந்து எறங்கி மொத அடி வைக்கும்போதே சுரீர்னு இழுக்குது. வலி பத்துக்கு 6. ராத்திரி 7.

ஆகஸ்ட் 21, புதன்
இன்னிக்கு பிசியோதெரபி. பாதி நாள் லீவு சொல்லிட்டுதான் போனேன்.

டாக்டர் சீட்டுல குதிகால் வலின்னு எழுதியிருந்துச்சு. பிசியோ மேடம் சின்னப் பொண்ணுதான், எங்க பெரியவளை விட ஒண்ணு ரெண்டு வயசு கூட இருக்கும். சீட்டை ஓரமா வெச்சுட்டு, எங்க வலிக்குதோ ஒத்தை விரலால தொட்டுக் காட்டுங்கம்மான்னாங்க. நான் தொட்டது குதிகால் அடியில இல்ல. உள்பக்கக் கணுக்கால் எலும்புக்குப் பின்னாடி, அங்கருந்து கீழ பாதத்துல துருத்திட்டு நிக்கிற எலும்பு வரைக்கும். அந்தக் கோட்டையே அவங்க கட்டைவிரலால மெதுவா அமுக்கிட்டே வந்தாங்க, நடுவுல ஒரு எடத்துல எனக்கு கண்ணுல தண்ணி வந்துருச்சு.

அப்புறம் புடவையைத் தூக்கிப் புடிச்சுட்டு சுவரைப் பாத்து நிக்கச் சொன்னாங்க. பின்னாடி குந்தி உக்காந்து ரொம்ப நேரம் பாத்தாங்க. இடது பக்கம் பின்னாலருந்து பாத்தா சுண்டுவிரலும் பக்கத்து விரல்ல கொஞ்சமும்தான் தெரியுது, வலது பக்கம் மூணு விரல் தெரியுது, குதிகாலும் வெளிப்பக்கமா சாயுதுன்னாங்க. போன்ல எடுத்துக் காட்டுனாங்க. என் காலை நான் பின்னாலருந்து பாத்ததே இல்ல. ரெண்டு காலும் ஒரே ஆளோட கால் மாதிரி இல்ல.

ரெண்டு காலும் சேத்து நுனிக்கால்ல எந்திரிக்கச் சொன்னாங்க, எந்திரிச்சேன். இடது கால் மட்டும், முடிஞ்சுது. வலது கால் மட்டும்னதும் குதிகால் ஒரு விரக்கடை ஏறுச்சு, அவ்வளவுதான், உள்பக்கமா திரும்பவே இல்ல, நடுங்கிட்டு நின்னுச்சு, நான் சுவரைப் புடிச்சுட்டேன். திரும்பணுமாம். நல்ல காலுன்னா நுனியில நிக்கும்போது குதிகால் தானா உள்ள திரும்பணுமாம், அதைத் திருப்பி விடுறதே எனக்கு வலிக்கிற எடத்துல ஓடுற இந்தத் தசைநார்தானாம். படுக்க வெச்சு பாதத்தைக் கீழயும் உள்ளயும் தள்ளச் சொல்லி கையால தடுத்துப் பாத்தாங்க, பலம் இல்ல. கணுக்காலுக்குப் பின்னாடி தட்டி மரத்துப் போகுதா, கூசுதான்னு கேட்டாங்க, இல்ல.

பேரு டிபியாலிஸ் போஸ்டீரியர். கெண்டைக்கால் ஆழத்துல இருந்து எறங்கி, கிணத்துக் கப்பியில கயிறு திரும்புற மாதிரி கணுக்கால் எலும்பைச் சுத்தித் திரும்பி பாதத்தோட வளைவைத் தூக்கிப் புடிச்சிருக்கு. திரும்புற எடத்துல ரத்த ஓட்டம் கம்மி, அதான் அங்க தேஞ்சா சீக்கிரம் ஆறாது. 40 தாண்டுன பொம்பளைங்களுக்குதான் அதிகம், சுகர், பிரஷர், உடம்பு எடை எல்லாம் சேந்தா இன்னும் அதிகம்னாங்க. எனக்கு 46. சுகர் இருக்கு.

உக்காந்து காலைத் தொங்கப் போட்டா வளைவு திரும்ப வருது, அதனால பாதம் இன்னும் இறுகிப் போகல, இப்பப் புடிச்சா புடிச்சுடலாம்மான்னாங்க. இந்த ஒரு வரியைத்தான் ட்ரெயின்ல வரும்போது திரும்பத் திரும்ப நெனச்சுட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்
சின்னவன்கிட்ட பின்னாலருந்து போட்டோ எடுக்கச் சொன்னேன். மூணு விரல்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு
ஒரு மாசம் கால் நீட்டி உக்காந்தா சரியாயிடுமான்னு மேடம்கிட்ட கேட்டிருந்தேன். ஆகாதாம். வேலையே குடுக்காத தசைநார் இன்னும் பலம் இழக்கும், அதனால சுமையைக் குறைக்கணும், நிறுத்தக் கூடாது, அளந்து குடுக்கணும். கட்டில் கால்ல இழுத்தா நீளுற சிவப்பு ரப்பர் பேண்டைக் கட்டி, பாதத்தை உள்பக்கமா இழுத்து, விடும்போது நாலு எண்ணிட்டே மெதுவா விடணும். 15, மூணு செட். உக்காந்து ரெண்டு பாதத்துக்கும் நடுவுல சுருட்டுன துண்டை வெச்சு 45 செகண்ட் அமுக்கிப் புடிக்கணும், 5 தடவை. செய்யும்போது பத்துக்கு அஞ்சு வரைக்கும் வலி வரலாம், ஆனா மறுநாள் காலைல பழைய அளவுக்கு எறங்கியிருக்கணும். எறங்கலன்னா முந்தின நாள் அதிகமாப் போச்சுன்னு அர்த்தம்.

பேண்டை அளந்துடலாம். பத்தரை மணிநேரம் நிக்கிறதை எப்படி அளக்குறது?

குறைஞ்சது 12 வாரம். நவம்பர் நடுவுல போய் முடியும். தீபாவளி அக்டோபர் 31.

செப்டம்பர் 1, ஞாயிறு
காலை வலி 5. எம்.சி.ஆர் செருப்பு, மெத்துன்னு இருக்குற ரப்பர் செருப்பு, வந்துருச்சு, உள்பக்கம் வளைவுக்கு மேடு வெச்சுக் குடுத்திருக்காங்க. போட்டு நடந்தா நெஜமாவே நல்லா இருக்கு. மாம்பலம் ஸ்டேஷன்லருந்து ஸ்கைவாக் நடைமேம்பாலம் முழுக்க நிக்காம வந்துட்டேன். அது 500 மீட்டருக்கு மேல. 2023ல அதைத் தொறக்குறதுக்கு முன்னாடி ரங்கநாதன் தெரு கூட்டத்துல இடிபட்டு வந்த கால் இது.

ஆனா பட்டு செக்ஷன்ல மேடை. வெள்ளைத் துணி விரிச்ச மேடை, செருப்போட ஏற முடியாது. பட்டு வெக்கிற எடம், அது சரிதான், நானே ஏற மாட்டேன். அப்ப இந்தச் செருப்பு எனக்கு ட்ரெயினுக்கு மட்டும்தான். மேடம்கிட்ட சொன்னேன். ரொம்ப நேரம் யோசிச்சுட்டு டேப் ஒட்டக் கத்துக் குடுத்தாங்க, குதிகாலைச் சுத்தி வந்து வளைவைத் தூக்கிப் புடிக்கிற மாதிரி. அதுக்கு மேல தோல் கலர் சாக்ஸ். யாருக்கும் தெரியல.

செப்டம்பர் 7, சனி
விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை செய்யுறேன்னு காலைல நாலரைக்கே அடுப்படியில நின்னேன். கொழுந்தனார் வந்திருந்தாரு. அவருக்குத் தோள்பட்டையில ஒரே ஊசி, மறுநாளே கை தூக்கிட்டாராம், நீங்களும் போட்டுக்கங்க அண்ணின்னாரு. எங்க வீட்டுக்காரரும் ஆமா ஆமான்னாரு. மேடம்கிட்ட போன வாரமே கேட்டுட்டேன். இந்த எடத்துல ஸ்டீராய்டு ஊசி வலியை அமுத்தும், ஆனா தேஞ்ச தசைநார் அறுந்து போற ஆபத்து இருக்கு, உங்க சுகரும் ஏறும், வேண்டாம்மான்னு சொல்லிட்டாங்க. அதைச் சொன்னா ரெண்டு பேரும் பேச்சை மாத்திட்டாங்க. பொம்பளை கால் வலின்னா எல்லாருக்கும் ஒரு வைத்தியம் தெரியுது. அம்மா பிண்டத் தைலம் அனுப்பியிருக்காங்க, அதைத் தடவிக்கிட்டேன், அம்மா கை மணம் அதுல இருக்கு.

செப்டம்பர் 14, சனி
ஸ்டூல்.

நம்ம மாநிலத்துல கடைகள் நிறுவனங்கள் சட்டத்துல 2021லயே 22-ஏ ன்னு ஒரு பிரிவு சேத்துட்டாங்க. ஊழியருக்கு உக்கார எடம் குடுக்கணும், வேலை நேரம் பூரா நின்னுட்டே இருக்க வெக்கக் கூடாது. கேரளாவுல 2018லயே வந்துருச்சு, கோழிக்கோடு மிட்டாய்த் தெருவுல கடை வேலை பாத்த பொம்பளைங்க வருஷக்கணக்கா கேட்டுக் கேட்டு வாங்குனது. எங்க ஃப்ளோர்லயும் ஸ்டூல் இருக்கு. தூணுக்குப் பின்னாடி. மேடையில இருந்து எறங்கி அங்க போய் உக்காந்தா கஸ்டமர் வர்றதைப் பாக்க முடியாது, அதனால யாரும் போறதில்ல, உக்கார்றது தப்புங்குற மாதிரியே நாங்க வளந்துட்டோம். பக்கத்து கவுன்டர் அக்காவுக்கு கால் நரம்பு சுருண்டு நீலமா கெடக்கு, 19 வயசுல வேலைக்கு வந்தவங்க.

ஒரு மணிநேரத்துக்கு அஞ்சு நிமிஷம். அதுதான் மேடம் எழுதிக் குடுத்தாங்க. இன்சார்ஜ் சார்கிட்ட சீட்டைக் குடுத்தேன். மடிச்சு பாக்கெட்ல வெச்சுக்கிட்டாரு, பாப்போம்மான்னாரு.

செப்டம்பர் 17, செவ்வாய்
காலை வலி 4. மூணு விரல்தான் இன்னும்.

செப்டம்பர் 20, வெள்ளி
வலி 8. கடையில கூட்டம். எதுவும் எழுத முடியல.

செப்டம்பர் 21, சனி
காலைலயும் 7. எறங்கல. பேண்டைத் தொடல. பாத்ரூம் போக சுவரைப் புடிச்சுட்டுப் போனேன். வளைவு மொத்தமா போய்ட்டா, பாதம் இறுகிட்டா, அப்புறம் எக்சர்சைஸ் எல்லாம் வேலைக்கு ஆகாது, ஆபரேஷன், எலும்பை வெட்டி வெக்கிறது, மாசக்கணக்குல கால் ஊனக் கூடாது. மேடம் இதெல்லாம் தானா சொல்லல, நான் கேட்டதால சொன்னாங்க. மாசக்கணக்குல கால் ஊனலன்னா பெரியவ ஃபீஸ்? சின்னவன்? அவரு சம்பளம் வாடகைக்கே சரியாப் போகுது. பட்டு செக்ஷன்ல என் எடத்துல வேற ஆளைப் போட்டுட்டா திரும்பக் குடுக்க மாட்டாங்க. எனக்கு கால் வேணும். வேற எதையும் கேக்கல.

செப்டம்பர் 22, ஞாயிறு
மேடமே போன் பண்ணாங்க. ரெண்டு நாள் துண்டு அமுக்குறது மட்டும் செய்யுங்க, பேண்ட் வேணாம், செவ்வாய்ல இருந்து பாதி அளவுல ஆரம்பிங்க, இது பின்னாடி போறது இல்லம்மா, ஏறி எறங்கித்தான் ஆறும்னாங்க. ஞாயித்துக்கெழமை போன் பண்ணிக் கேக்கணும்னு அந்தப் பொண்ணுக்கு என்ன இருக்கு! நல்லா இருக்கணும்.

அக்டோபர் 4, வெள்ளி
பச்சை பேண்ட்! சிவப்புக்கு அடுத்த இறுக்கம். இப்ப ரெண்டு குதிகாலுக்கும் நடுவுல டென்னிஸ் பந்தை வெச்சு நெருக்கிப் புடிச்சுட்டே நுனிக்கால்ல ஏறி எறங்கணும். பந்தை நெருக்குனாதான் அந்தத் தசைநார் வேலை செய்யும், இல்லாட்டி கெண்டைக்கால் மட்டும் தூக்கிட்டுப் போயிடும். பந்து சின்னவனோடது, தர மாட்டேன்னு ஒரே சண்டை. காலை 3.

அக்டோபர் 15, செவ்வாய்
விடாம மழை. ஸ்கூல் காலேஜ் லீவு, எங்களுக்கு இல்ல. தெருவுல முட்டிக்குக் கீழ வரைக்கும் தண்ணி, பள்ளம் தெரியாம ஒவ்வொரு அடியும் காலால தடவித் தடவி வெச்சேன், டேப் ஊறி உரிஞ்சுருச்சு. கடையில ஈ காக்கா இல்ல. பூரா நேரமும் புடவை மடிச்சோம், எல்லாரும் மேடை ஓரத்துல உக்காந்துதான் மடிச்சோம், சாரும் ஒண்ணும் சொல்லல. ராத்திரி வலி 2. உக்காந்து வேலை பாத்த நாள்ல 2. இதை எழுதி வெக்கணும்.

அக்டோபர் 20, ஞாயிறு
கூட்டம்னா கூட்டம். ஆரணியிலிருந்து ஒரு அம்மா பொண்ணு கல்யாணத்துக்கு வந்தாங்க, மேடை பூரா விரிச்சுட்டேன், அந்தப் பொண்ணு கடைசியில அரக்கு உடம்புல மாம்பழக் கலர் பார்டரை எடுத்துத் தோள்ல போட்டதும் அந்தம்மா அழுதுட்டாங்க. இந்த வேலையை விட்டுட்டு உக்காந்த வேலை ஏதாவது பாருன்னு அக்கா சொல்லுது. எனக்கு இந்த வேலைதான் பிடிக்கும். ராத்திரி 6.

அக்டோபர் 21, திங்கள்
காலை 3. எறங்கிருச்சு. 6ல இருந்து ஒரே ராத்திரியில எறங்கிருச்சு.

அக்டோபர் 23, புதன்
மறுபடி எல்லாத்தையும் பாத்தாங்க. நிக்கும்போது விரல் இன்னும் மூணுதான், அது உடனே மாறாது, மாறாமலே கூட இருக்கலாம், அதையே பாத்துட்டிருக்காதீங்கம்மான்னாங்க. ஆனா வலது கால் மட்டும் நுனியில நின்னேன். ஆறு தடவை ஏறுச்சு. மூணாவதுல மேடம் போன்ல எடுத்து நிறுத்திக் காட்டுனாங்க, குதிகால் உள்ள திரும்பியிருக்கு, கொஞ்சம்தான், ஆனா திரும்பியிருக்கு. ட்ரெயின்ல அந்த வீடியோவையே பாத்துட்டு வந்தேன். பக்கத்துல ஒரு பாட்டி என்னம்மா அது யாரு காலுன்னு கேட்டாங்க, என் கால்தான்னேன்.

அக்டோபர் 26, சனி
சார் தூணுக்குப் பின்னாடி இருந்த ஸ்டூலை மேடை ஓரத்துக்கு மாத்தச் சொல்லியிருக்காரு. ஒரே ஒரு ஸ்டூல், நாங்க ஆறு பேரு. பக்கத்து கவுன்டர் அக்காவை மொதல்ல உக்கார வெச்சேன். உக்காந்ததும் எந்திரிச்சுட்டாங்க, கூச்சமா இருக்குன்னு. திரும்ப உக்கார வெச்சேன்.

அக்டோபர் 28, திங்கள்
காலை 3. தீபாவளி வரைக்கும் ராத்திரி பதினோரு மணி வரை கடை. லிஸ்ட் போட்டுட்டாங்க, என் பேரு பட்டு செக்ஷன்லயேதான். டேப் ரெண்டு ரோல் வாங்கணும்.