ஒற்றைத் தகட்டில் எழும் வெள்ளிக் குடுவை

ஜப்பானின் யுகியே ஓசுமி செய்த வெள்ளிக் குடுவைகளின் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தட்டையான தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டியே குடுவையாக எழுப்புகிறார். தட்டத் தட்ட வெள்ளி இறுகிவிடும். நெருப்பில் காய்ச்சி இளக்கி மறுபடி தட்ட வேண்டும்.

அதற்குமேல் அலங்காரம். துணி நெசவைப் போலக் குறுக்கும் நெடுக்குமாக உளியால் நுண்ணிய கீறல்கள். மேலே வைத்து அடிக்கும் மெல்லிய தங்கத் தகட்டை அந்தக் கீறல்களே கவ்விக்கொள்கின்றன. பசையும் இல்லை, பற்றவைப்பும் இல்லை!

ஒரு காலத்தில் வாள் அணிகலன்களுக்குப் பயன்பட்ட நுட்பம் இது. 1876இல் வாள் அணியத் தடை வந்ததும் கைவினைஞர்கள் பலர் பூச்சாடிகளுக்கு மாறினார்கள். (வாள் போனதில் எனக்கு வருத்தமே இல்லை.)

2015இல் ஓசுமி 'வாழும் தேசியச் செல்வம்' ஆனார்; தலைசிறந்த கலைஞர்களுக்கு ஜப்பான் அரசு தரும் சிறப்பு அது. உலோகக் கலையில் அந்தச் சிறப்பைப் பெற்ற முதல் பெண். அதற்கு ஏன் இத்தனை காலம் ஆயிற்றோ!