மினியாபொலிஸ் அக்டோபர்: இலைக்குக் காசில்லை, பூசணிக்குத்தான் காசு

மினியாபொலிஸில் இருந்து ஊர் திரும்பிப் பெட்டியை இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை, அதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன். அக்டோபரில் அந்த ஊர் மரங்கள் நிற்கிற அழகை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அதே அக்டோபரில் ஒரு பூசணிப் பண்ணையில் எங்களிடம் கறந்த காசை நினைத்தாலும் தூக்கம் வரவில்லை. தம்பி அங்கேதான் வேலை பார்க்கிறான். "கோடையில் வராதேக்கா, அக்டோபர்ல வா, பார்க்க நிறைய இருக்கு, செலவும் கம்மி" என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். பார்க்க நிறைய இருப்பது உண்மை. செலவு கம்மியா என்பது எங்கே போகிறோம் என்பதைப் பொறுத்தது. அமெரிக்கா என்றாலே நியூயார்க், நயாகரா, லாஸ் வேகாஸ் என்று ஓடுகிறோம், நடுவில், மினியாபொலிஸ் இருக்கும் மினசோட்டா மாநிலத்தின் பக்கம் யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. எட்டிப் பாருங்கள், அதுவும் இந்த ஒரு மாதத்தில்.

விசா, விமானம், குடிவரவு வரிசை எல்லாம் ஊரே எழுதிவிட்டது, விட்டுவிடுகிறேன். காசே ஆகாத இடத்தில் தொடங்கி, கறக்கிற இடம் வரை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் மினஹாஹா அருவி. நகரத்துக்குள்ளேயே இருக்கிறது, நுழைவுக் கட்டணம் கிடையாது. விமான நிலையத்தில் இருந்து நகர மையத்துக்குப் போகும் ப்ளூ லைன் ரயில் பூங்காவுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது, டிக்கெட் 2 டாலர். உயரம் 53 அடிதான், குற்றாலம் பார்த்த கண்ணுக்குச் சின்ன அருவி. ஆனால் இந்த மாதத்தில் அங்கே அருவிக்காகப் போவதில்லை. ஓடையின் இரண்டு கரையிலும் மரங்கள் மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்புமாக நிற்கின்றன, தண்ணீரில் இலைகள் கும்பல் கும்பலாக மிதந்து வருகின்றன. படியில் கிடந்த ஒரு மேப்பிள் இலையை எடுத்துப் பார்த்தேன். நரம்பு ஓடும் இடமெல்லாம் இன்னும் பச்சை, நரம்புகளுக்கு நடுவில் மஞ்சள், ஓரத்தில் நல்ல சிவப்பு, காம்பு மட்டும் கருஞ்சிவப்பு. ஒரே இலையில் இத்தனை நிறம்.

இது எப்படி நடக்கிறது என்று தம்பி மகன் பள்ளியில் படித்ததை எனக்குச் சொன்னான். பகல் குறையக் குறைய மரம் பச்சையத்தைப் புதிதாகச் செய்வதை நிறுத்திவிடுகிறது, இருக்கும் பச்சையமும் சிதைந்து போகிறது. மஞ்சள் நிறம் கோடை முழுக்க இலைக்குள்ளேயே இருந்ததுதான், பச்சை அதை மறைத்து வைத்திருந்தது. சிவப்பு அப்படியில்லை, அதை இலை இந்தச் சமயத்தில்தான் புதிதாக உண்டாக்குகிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத அளவுக்குக் குளிரும் இருந்தால் சிவப்பு தூக்கலாக வரும். அதனால் ஒரு வருஷம் மாதிரி இன்னொரு வருஷம் இருக்காது. மாநிலத்தின் இயற்கை வளத் துறை எந்தப் பகுதியில் எத்தனை சதவீதம் நிறம் மாறியிருக்கிறது என்று இணையத்தில் வரைபடமே போடுகிறது. வடக்கே செப்டம்பர் கடைசியிலேயே உச்சம் வந்துவிடும், மினியாபொலிஸ் பக்கம் பெரும்பாலும் அக்டோபர் முதல் பாதியில். விமான டிக்கெட்டை அதற்கு ஏற்ற மாதிரிப் போடுங்கள். ஒரு பலமான காற்று அடித்தால் மொத்தமும் கீழே வந்துவிடும்.

குளிருக்கு எதை நம்பியும் பெட்டி கட்ட முடியாது. 2023இல் அக்டோபர் முதல் தேதி நடக்க வேண்டிய மாரத்தானை வெயில் தாங்காது என்று ரத்து செய்தார்கள். 1991 ஹாலோவீன் (அக்டோபர் 31, பேய் வேஷம் போடும் நாள்) சமயத்தில் 28 அங்குலத்துக்கு மேல் பனி கொட்டியிருக்கிறது, அந்தக் கதையைச் சொல்லாத ஆளே அங்கே இல்லை. இரண்டுமே அதே ஊரில்தான். நான் இங்கிருந்து கனமான கோட்டு எதுவும் வாங்கிப் போகவில்லை, அங்கே போய் வாங்கினேன். மினசோட்டாவில் துணிக்கு விற்பனை வரி கிடையாது, விலைச் சீட்டில் போட்டிருக்கும் தொகைதான் கல்லாவிலும். ரூபாயில் பெருக்கிப் பெருக்கியே செலவழிக்கிற எனக்கு அது பெரிய ஆறுதல்.

அடுத்தது டெய்லர்ஸ் ஃபால்ஸ். பயணம் முழுக்கவும் ஒரே ஒரு இடத்துக்குத்தான் போகலாம் என்றால் நான் இங்கேதான் போவேன். வடகிழக்கே காரில் ஒரு மணி நேரம். செயின்ட் கிராய் ஆற்றங்கரையில் இன்டர்ஸ்டேட் மாநிலப் பூங்கா இருக்கிறது, ஒரு காருக்கு ஒரு நாள் அனுமதி, நாங்கள் போனபோது 7 டாலர். தலைக்கு இல்லை, காருக்கு! ஐந்து பேர் போனோம். ஆற்றுக்கு இந்தக் கரை மினசோட்டா, அந்தக் கரை விஸ்கான்சின், இரண்டு பக்கமும் கருங்கல் செங்குத்தாக எழும்பி நிற்கிறது. 110 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய எரிமலைக் குழம்பு இறுகிய பாறை அது. அந்தப் பாறை மேல் வட்டம் வட்டமாகக் குழிகள். பனியுகம் முடிந்து பனிப்பாறைகள் உருகியபோது இந்த வழியாகப் பாய்ந்த வெள்ளத்தில் கற்கள் சுழன்று சுழன்று குடைந்தவை. உள்ளே கையை விட்டுத் தடவினால் நம் வீட்டு ஆட்டுக்கல் குழியின் வழவழப்பு அப்படியே இருக்கிறது. சிலவற்றில் முழங்கை நுழையும், சிலவற்றில் ஆளே இறங்கி நிற்கலாம், ஆழமானது 60 அடி. சின்னக் குழிகளில் மழைத்தண்ணீர் தேங்கி, அதில் மஞ்சள் இலைகள் விழுந்து கிடந்தன. பக்கத்தில் பிடிக்கு ஒன்றுமில்லாத பாறை விளிம்புகள் உண்டு, சின்னப் பிள்ளைகளைக் கையை விட்டு விடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. அக்டோபர் மூன்றாவது வாரத்தில் வியாழன், வெள்ளி இரண்டு நாளும் மினசோட்டாப் பள்ளிகளுக்கு ஆசிரியர் மாநாட்டு விடுமுறை. எம்ஈஏ வீக்கெண்ட் என்கிறார்கள். சனி ஞாயிறோடு சேர்த்து ஊரே குடும்பத்தோடு கிளம்பிவிடுகிறது, விடுதி வாடகை எகிறிவிடுகிறது. நாங்கள் அதற்கு முந்தைய வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை போனோம், பாறை மேல் எங்களைத் தவிர ஒரு வயதான தம்பதி மட்டுமே.

ஆப்பிளைப் பற்றி எழுதாமல் விட்டால் தம்பி மனைவி என்னோடு பேசமாட்டாள். ஹனிகிரிஸ்ப் என்று ஒரு ரகம், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 1991இல் வெளியிட்டார்கள். பேபோர்ட் என்ற ஊரின் பள்ளிப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டதால் 2006இல் அது மாநிலப் பழமாகவே ஆகிவிட்டது. நம் ஊரில் மெழுகு பூசி, மாதக்கணக்கில் குளிர்ப்பெட்டியில் கிடந்து வருகிற ஆப்பிளைத்தான் நான் இத்தனை நாளும் ஆப்பிள் என்று நினைத்துத் தின்றிருக்கிறேன். இதைக் கடித்தால் சதை மாவாக நொறுங்காமல் பளிச்சென்று துண்டாக உடைகிறது, சாறு கையில் வழிகிறது, இனிப்புக்குப் பின்னால் ஒரு மெல்லிய புளிப்பு. அங்கே உள்ளவர்கள் சமைக்க என்றால் ஹரால்சன் என்ற பழைய ரகத்தைத்தான் கேட்டு வாங்குகிறார்கள், அது நல்ல புளிப்பு. நான் அதில் இரண்டைத் துருவி, கடுகு, வெந்தயம், மிளகாய்த்தூள் போட்டுத் தொக்கு செய்தேன். ஒரே நாளில் பாட்டில் காலி.

சரி, இப்போது பண்ணைக் கதை. பெயர் வேண்டாம், அந்த மாதிரி பண்ணைகள் ஊரைச் சுற்றி ஏராளம். வைக்கோல் வண்டிச் சவாரி, சோளக்காட்டுக்குள் வழி தேடும் விளையாட்டு, பூசணி பறிப்பது என்று விளம்பரம் பார்த்துத் தம்பி மகன் ஆசைப்பட்டான். சனிக்கிழமை நுழைவு தலைக்கு 24 டாலர், அவனுக்கும் அதே 24. கார் நிறுத்த 10. உள்ளே போனால் ஆப்பிளை பீரங்கியில் வைத்துச் சுடுவதற்குத் தனிக் காசு. வண்டிச் சவாரிக்கு முக்கால் மணி நேரம் வரிசை, சவாரி ஒரு வயலைச் சுற்றி ஒரே ஒரு வட்டம். பூசணி 'பறிப்பது' என்றார்கள், அது ஏற்கெனவே அறுத்து வயலில் பரப்பி வைத்த பூசணி, அதையும் பவுண்டுக்கு இவ்வளவு என்று எடை போட்டார்கள். எங்கள் பூசணி 14 டாலர். வரும் வழியில் பலசரக்குக் கடை வாசலில் அதே அளவுப் பூசணி 5 டாலருக்கு அடுக்கி வைத்திருந்தது. மொத்தம் 160 டாலருக்கு மேல், நம் காசுக்குப் பதிமூன்றாயிரத்தைத் தாண்டுகிறது! "விடுங்க அண்ணி, பிள்ளைக்காகத்தானே" என்றாள் தம்பி மனைவி. எப்படி விடுவது? அங்கே உருப்படியாக இருந்தது ஆப்பிள் சாறு சேர்த்துச் சுட்ட டோனட் ஒன்றுதான். சுடச்சுட, பட்டைத்தூளும் சர்க்கரையும் ஒட்டிக்கொண்டு, வெளியே மொறுமொறுப்பாக இருந்தது. அதற்கு உள்ளே போகவே தேவையில்லை, பல ஆப்பிள் தோட்டங்களின் கடைகளில் நுழைவுக் கட்டணம் இல்லாமலே கிடைக்கிறது.

பூசணிதான் பார்க்க வேண்டும் என்றால், அதே செயின்ட் கிராய் ஆற்றங்கரையில் இருக்கும் ஸ்டில்வாட்டர் ஊருக்குப் போங்கள். அக்டோபரில் அங்கே அறுவடை விழா, ராட்சதப் பூசணிகளை எடை போடுகிறார்கள், சும்மா நின்று பார்க்கலாம். 2010இல் 1,810.5 பவுண்டு பூசணி இங்கேதான் உலக சாதனை படைத்தது, கிட்டத்தட்ட 820 கிலோ. அப்புறம் அந்த ராட்சதங்களைக் குடைந்து, உள்ளே ஆள் உட்கார்ந்து ஆற்றில் துடுப்புப் போட்டுப் போட்டி நடத்துகிறார்கள். தம்பி மகன் சிரித்த சிரிப்பை அந்த 160 டாலர் பண்ணையில் நான் பார்க்கவில்லை. 1931இல் கட்டிய தூக்குப் பாலத்தில் இப்போது வண்டி போவதில்லை, நடந்தே விஸ்கான்சினுக்குப் போய் வரலாம்.

சாப்பாட்டில் ஒன்றே ஒன்று சொல்கிறேன், வைல்ட் ரைஸ் சூப். பக்கத்து நகரமான செயின்ட் பாலின் உழவர் சந்தையில் சனிக்கிழமை காலை பல் கிடுகிடுக்க நின்றுவிட்டு, பக்கத்தில் ஒரு சின்ன உணவகத்தில் நுழைந்து குடித்தோம். பெயரில்தான் ரைஸ், உண்மையில் அது ஏரித் தண்ணீரில் வளரும் வேறு ஒரு புல்லின் தானியம். ஓஜிப்வே என்ற பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாகப் படகில் போய் அறுக்கிறார்கள். ஒருவர் கழியால் படகைத் தள்ள, இன்னொருவர் இரண்டு குச்சிகளால் கதிரை வளைத்துத் தட்டிப் படகுக்குள்ளேயே உதிர்ப்பார். பிறகு நெருப்பில் வறுப்பார்கள், அந்தப் புகை வாசம் சூப்பில் வந்துவிடுகிறது. வெந்த தானியம் வெடித்து, உள்ளே வெள்ளை தெரியச் சுருண்டிருந்தது. கோழி, காளான், பாலாடை சேர்ந்த கெட்டியான சூப், கூடவே ரொட்டி, 9 டாலர். பயணத்திலேயே மனசார நான் கொடுத்த காசு இதுதான். தானியம் வாங்குகிறவர்கள் கையால் அறுத்ததா என்று கேட்டு வாங்குங்கள். கறுப்பாக மினுமினுப்பது வயலில் பயிரிட்டது, விலை குறைவு, வேக நேரம் ஆகும். பழுப்பாக, கொஞ்சம் கலப்பு நிறத்தில் இருப்பதுதான் ஏரியில் அறுத்தது. நான் ஒரு பவுண்டு 16 டாலர் கொடுத்தேன், வருத்தமில்லை. அந்தச் சந்தையில் தென்கிழக்கு ஆசியாவில் இருந்து வந்து குடியேறிய ஹ்மாங் இன விவசாயிகள் நிறைய, பாகற்காய், காராமணி, பச்சை மிளகாய் எல்லாம் அவர்களிடம் பார்த்தேன். உறைபனி விழுந்தால் அதுவும் நின்றுவிடும்.

ஊருக்குள் ஒரு சாயங்காலம் போதும். 1883இல் கட்டிய கல்வளைவு ரயில் பாலத்தில் இப்போது நடந்து போகலாம், மிசிசிப்பி கீழே ஓடுகிறது, பக்கத்தில் 1878இல் மாவுத்தூசி வெடித்து 18 பேர் இறந்த மாவு ஆலை இருந்த இடம். அங்கே திரும்பக் கட்டிய ஆலையின் இடிபாட்டுக்குள்ளேயே அருங்காட்சியகம். கத்ரி நாடக அரங்கில் இருந்து ஆற்றை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் பாலத்துக்கு டிக்கெட் வேண்டாம், யாரும் ஏறிப் பார்க்கலாம்.

கடைசியாக அனோகா. ஹாலோவீன் இரவில் பிள்ளைகள் செய்த சேட்டை தாங்காமல், அவர்களுக்கு வேறு வேலை கொடுக்க 1920இல் ஊர்வலம் தொடங்கிய ஊர். ஹாலோவீனுக்கு உலகத் தலைநகரம் என்றே தன்னைச் சொல்லிக்கொள்கிறது. அக்டோபர் கடைசி சனிக்கிழமை பெரிய ஊர்வலம், பார்க்கக் காசில்லை. முன்கூட்டியே தெருவோரத்தில் நாற்காலி போட்டு இடம் பிடிக்கிறார்கள். பள்ளி வாத்தியக் குழுக்கள், எலும்புக்கூடு வேஷம், சூனியக்காரி வேஷம், வண்டியில் இருந்து மிட்டாய் வீச்சு. 2023இல் 2,749 பவுண்டு பூசணியைக் கலிபோர்னியா வரை கொண்டுபோய் அப்போதைய உலக சாதனை படைத்தவரும் அனோகாக்காரர்தான்.

தம்பிக்கு அன்று வேலை, நானும் வீட்டுக்காரரும் வாடகை வண்டியில் போனோம். போக 31 டாலர். ஊர்வலம் முடிந்ததும் செயலியைத் திறந்தால் அதே தூரத்துக்கு 78! கூட்டம் அதிகமாம், அதனால் விலை அதிகமாம். காபிக் கடையில் உட்கார்ந்து ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் பார்த்துக்கொண்டே இருந்தோம். 78, 72, 64, பிறகு ஒன்றரை மணி நேரம் கழித்து 39. இரண்டு காபிக்கும் ஒரு துண்டு ஆப்பிள் பைக்கும் (ஆப்பிளை உள்ளே வைத்துச் சுட்ட பலகாரம்) 13 டாலர் போனதைக் கழித்தாலும் 26 டாலர் மிச்சம். ஊர்வலம் முடிந்த உடனே யாரும் வண்டி கூப்பிடாதீர்கள், காபிக் கடையில் இடம் பிடியுங்கள். ஆப்பிள் பை நன்றாகவே இருந்தது.